டாக்டர் எழுதாமல் விட்ட வரி

தோல் ஷாப் வழக்கு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பாலாறுதான் ஞாபகத்துக்கு வரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் பதனிடும் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஆலை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அடித்துச் சொன்னார்கள். இன்று எந்தச் சட்டக் கல்லூரி மாணவரிடம் வேலூர் என்று சொன்னாலும் கோட்டைக்கு முன்னால் இந்தத் தீர்ப்பைத்தான் சொல்வார்.

நான் சொல்லப்போகும் வழக்கு எந்தச் சட்ட இதழிலும் வந்ததில்லை. வேலூரில் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் நடந்து, அங்கேயே முடிந்துபோனது. ஆற்றில் கலந்த குரோமியம் டெல்லி வரைக்கும் போனது. ஒரு ஆளின் மூக்கில் ஏறிய குரோமியம் லாங் பஜாரில் ஒரு டாக்டரின் சீட்டோடு நின்றுவிட்டது. அதை அங்கிருந்து கிளப்புவதற்குள் பட்ட பாடுதான் இந்த வழக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. அந்த மனிதர் என்னிடம் வந்தது நோய்க்காக இல்லை, கூலி பாக்கிக்காக. பாலாற்றங்கரை கிராமம் ஒன்றில் இருந்த தோல் ஷாப்பில் வேலை. வயது நாற்பது. மாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூலி, அதுவும் மேஸ்திரி கையால். உடம்புக்கு முடியாமல் கொஞ்ச நாள் நின்றதும் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிட்டார். வக்காலத்தில் கையெழுத்துப் போடக் கையை நீட்டியபோதுதான் விரல் மூட்டுகளைப் பார்த்தேன். மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரைக்கும் வட்ட வட்டமாகக் குழிகள். விளிம்பு தடித்து மேடு கட்டியிருந்தது. நடுவில் கருத்த பொருக்கு. துளைக்கும் கருவியை வைத்துத் தட்டி எடுத்த மாதிரி.

"வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"வலியே இல்ல சார். அதான் விட்டுட்டேன். மூக்குலகூட ஓட்டை கீது" என்றார். குமாஸ்தா மேசைமேல் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, இடது நாசியில் மெல்ல விட்டார். வலது நாசியில் முனை வந்து நின்றது. வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டிச் சிரிக்க வைப்பாராம்.

கூலி பாக்கி மனுவை ஓரமாக வைத்துவிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். பைக்ரோமேட் கலக்குகிற வேலை என்றார்.

தோல் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பதனீடு ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் நடந்தது. வாரக் கணக்கில் ஆகும். எழுபதுகளில் பாதிப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாகச் செய்து முடித்த தோலையும் பொருளையும் ஏற்றுமதி செய்யச் சொன்ன பிறகு குரோம் பதனீடு பரவியது. டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரு நாளில் தோல் வெளிர்நீலமாக இறங்கிவிடும். அதற்கு வேண்டிய குரோம் உப்பு இன்று பொடியாக மூட்டையில் வருகிறது. முன்பெல்லாம் பல ஷாப்புகள் தாங்களே காய்ச்சிக்கொண்டன. ஆரஞ்சு நிறச் சோடியம் பைக்ரோமேட்டைத் தண்ணீரில் கரைத்து, கந்தக அமிலம் ஊற்றி, வெல்லப்பாகை விட்டால் கொதித்துப் பொங்கும். நிறம் ஆரஞ்சிலிருந்து கரும்பச்சைக்கு மாறினால் சரக்கு தயார். பச்சைக்கு மாறிய குரோமியத்தால் பெரிய தொல்லை இல்லை. ஆரஞ்சாக இருக்கும்போது அது ஆறிணைத்திறக் குரோமியம். தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே தின்றுகொண்டே போகும். பொங்கும்போது கிளம்பும் ஆவியும் சாரலும் மூக்கின் நடுச்சுவரைப் பிடிக்கும். அங்கே இருப்பது குருத்தெலும்பு, ரத்த ஓட்டம் குறைவு. சத்தமில்லாமல் ஓட்டை விழும். என் கட்சிக்காரர் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தத் தொட்டியின் மேல் குனிந்து கட்டையால் கலக்கிக்கொண்டிருந்தவர்.

சட்டம் இந்த நோயை நன்றாக அறியும். அப்போது நடப்பில் இருந்த தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. அதன் மூன்றாம் அட்டவணையில் குரோமியத்தால் வரும் நோய்கள் இருந்தன. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்த ஆளுக்கு அந்த நோய் வந்தால், அதை வேலையில் நேர்ந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் சுமை முதலாளியுடையது. மேஸ்திரி வைத்த ஆள் என்று தட்டிக் கழிக்கவும் முடியாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளிதான் பொறுப்பு என்றது 12-ஆம் பிரிவு. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டம் இருக்கும் இடமென்றால் அங்கேதான் போக வேண்டும், இந்தச் சட்டத்துக்கு வர முடியாது. அந்தக் கிராமத்துக்கு அப்போது ஈ.எஸ்.ஐ. நீட்டிக்கப்படவில்லை. ஆறு மாத வேலையை நிரூபிக்க மேஸ்திரியின் முன்பண நோட்டு கிடைத்துவிட்டது. நோய் குரோமியத்தால் வந்தது என்பதை மட்டும் ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். அதுதான் சின்ன வேலை என்று நினைத்தேன்.

"எந்த டாக்டரிடம் காட்டினீங்க?"

"லாங் பஜார் டாக்டர்தான் சார். ஷாப்லயே அனுப்புவாங்க."

லாங் பஜார் வேலூரின் வயிறு. விடியலில் காய்கறி மூட்டை, பகலில் மளிகை, அந்தி சாய்ந்தால் கைவண்டியும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில், குறுகிய படி ஏறினால் அந்த டாக்டரின் கிளினிக். சி.எம்.சி. மருத்துவமனையில் டோக்கன் வாங்கி நிற்க நேரமில்லாத கூலிக்காரர்களுக்கு அவர்தான் தெய்வம். கைராசிக்காரர் என்ற பெயர். சுற்றுப்புறத்துச் சில தோல் ஷாப்புகள் அடிபட்ட ஆட்களை அவரிடம் அனுப்பி, மாதக் கடைசியில் மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பது வழக்கம்.

என் கட்சிக்காரர் பையிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். எட்டு மாத இடைவெளியில் எழுதியவை. டாக்டர்களுக்கே உரிய சுருக்கெழுத்தில் எல்லாம் இருந்தன. இரண்டு கை மூட்டுகளிலும் புண். புண்ணின் ஆழம். சுற்றுத் தோலில் உணர்ச்சி இயல்பு. மூக்கின் நடுச்சுவரில் துளை, மூக்குத் தண்டு சரியவில்லை. தடவ வேண்டிய களிம்பு. எதனால் வந்தது என்ற வரி மட்டும் ஐந்திலும் இல்லை. தொழில் என்று அச்சடித்த இடமும் காலி. இவ்வளவு துல்லியமாகப் பார்த்து எழுதிய கை காரணத்தை மறந்திருக்க வழியில்லை.

மனுத் தாக்கல் செய்தேன், எதிர்மனுவும் வந்தது. படித்ததும் எனக்கு உறைத்தது. மனுதாரருக்கு இருப்பது தொழுநோய் என்று எழுதியிருந்தார்கள்.

சாமர்த்தியமான எதிர்வாதம். வலியில்லாத புண், மூக்கில் துளை, இரண்டும் தொழுநோயிலும் வரும். எங்கள் மாவட்டம் அந்த நோயோடு பல தலைமுறை போராடியது. கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்ததும் அதனால்தான். ஆனால் அது கோர்ட்டோடு நிற்கும் வாதம் இல்லை. நம்முடைய திருமணச் சட்டங்களில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக அப்போது இருந்தது. 2019-இல்தான் அதை எடுத்தார்கள். என் கட்சிக்காரருக்குக் கல்யாண வயதில் பெண். எதிர்மனுவின் நகல் ஊருக்குள் போனால் போதும், அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். "கேஸே வேணாம் சார்" என்று அவர் மனைவி வந்து அழுதார்.

கரிகிரிக்கு அனுப்பினோம். தோலைக் கீறி ஸ்மியர் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. மூக்கைத் துளைக்கும் அளவுக்கு முற்றிய வகை என்றால் ஸ்மியரில் கிருமி மொய்க்கும். ஆனால் சோதனை நடந்தது வழக்குப் போட்ட பிறகு. புண் புதிதாக இருந்தபோது பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய சீட்டில் இருந்த 'உணர்ச்சி இயல்பு' என்ற குறிப்பு அப்போது தங்கமாகத் தெரிந்தது. கரிகிரி பக்கத்தில் இருக்கும் ஊரில் வலியில்லாத புண்ணைக் கண்டால் எந்த டாக்டரும் முதலில் பஞ்சையும் ஊசியையும் எடுத்து உணர்ச்சி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இவரும் பார்த்திருக்கிறார். தொழுநோய் இல்லை என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

சம்மன் அனுப்புவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரவு கிளினிக் மூடும் நேரத்தில் படி ஏறினேன். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு உட்காரச் சொன்னார்.

"வக்கீல் சார், வைத்தியம் பார்த்தேன். அந்த ஆள் கையில ஒரு பைசா வாங்கல. சீட்டு இருக்கு, அதை வெச்சு ஜெயிச்சுக்கோங்க. என்னை எதுக்குக் கூண்டுல ஏத்தறீங்க?"

"சீட்டுல காரணம் இல்லையே டாக்டர்."

ஸ்டெதஸ்கோப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுதான் எழுதல" என்றார் கடைசியில்.

அவருடைய பயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் பயம் நுகர்வோர் கோர்ட். 1995 நவம்பர் 13-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னை உயர் நீதிமன்றம் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை செய்வதும் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்து, தமிழ்நாட்டு டாக்டர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி போன கோபம் அவருக்கு. சாந்தா வழக்கின் அமர்வில் இருந்த நீதிபதி குல்தீப் சிங்தான் அடுத்த ஆண்டு பாலாற்றுத் தீர்ப்பையும் எழுதினார் என்று நான் சொன்னதும், "எங்க ஊருக்குன்னே வந்தாரா?" என்றார்.

காசு வாங்கவில்லை என்பதால் தப்பிவிடலாம் என்று அவர் நினைத்தார். ஆளிடம் வாங்கவில்லை, முதலாளியிடம் வாங்கினார். தொழிலாளிக்காக முதலாளி கொடுத்தாலும் அது இலவசச் சேவை ஆகாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இதை விளக்கிவிட்டு, என் கட்சிக்காரருக்கு உங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை என்றேன். அவர் விடவில்லை. "அது சரி, வக்கீலுக்கு இந்தச் சட்டம் கிடையாதா?" அன்று சிரித்து மழுப்பினேன். 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. டாக்டர் இன்று எதிரில் இருந்தால் அவர் கேட்கும் அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது, நோயாளியின் ரகசியம். தொழில் ரகசியத்தைக் கோர்ட்டில் சொல்லாமல் இருக்கும் பாதுகாப்பைச் சாட்சியச் சட்டம் வக்கீலுக்குத்தான் கொடுத்தது. டாக்டருக்குக் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, இங்கே சொல்லச் சொல்வதே நோயாளிதான். அந்தப் பயமும் போயிற்று.

மூன்றாவதை அவர் சொல்லவில்லை. நான்தான் எடுத்தேன். தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 89. தொழிற்சாலையில் வேலை செய்கிற அல்லது செய்த ஒருவருக்குச் சிகிச்சை தரும் டாக்டர், அவருக்கு அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாகக் கருதினால், தாமதமில்லாமல் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, நோய், கடைசியாக வேலை செய்த ஆலை, இவ்வளவுதான். அந்த அட்டவணையில் குரோம் புண்ணும் உண்டு, பச்சைத் தோலிலிருந்து தொற்றும் ஆந்த்ராக்ஸும் உண்டு. அறிக்கை உறுதியானால் டாக்டருக்கு ஒரு கட்டணம் கொடுத்து, அதை முதலாளியிடம் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். தெரிவிக்காத டாக்டருக்கு அப்போது ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

"புண்ணைப் பார்த்ததும் குரோம்னு தெரிஞ்சுதுன்னு நீங்க சொன்னா, தெரிவிக்கலைங்கற குற்றத்தையும் ஒப்புக்கிட்ட மாதிரி. அதனாலதான் சீட்டுல எழுதல, இல்லையா?"

"ஆயிரம் ரூபா பெரிசா சார்?" என்றார். சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "இந்தக் கட்டடம் அந்த முதலாளியோட சம்பந்தி வீட்டுது. மாசக் கணக்கு நாலு ஷாப்லருந்து வருது. ஒரு ஷாப்பைப் பத்தி எழுதினா நாலும் நிக்கும்."

பொய் சொல்லச் சொல்லவும் முடியாது, உண்மை சொன்னால் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்யவும் முடியாது. சட்டத்தில் இருப்பதை மட்டும் சொன்னேன். அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவின்படி, பதில் தன்னைக் குற்றத்தில் மாட்டும் என்பதற்காகச் சாட்சி வாயை மூடிக்கொள்ள முடியாது. ஆனால் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலை வைத்து அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மறுப்புச் சொல்லாமல் தானாகப் பதில் சொன்னவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று 1881-லேயே நம்முடைய மெட்ராஸ் உயர் நீதிமன்றம் கோபால் தாஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. "நான் எதிர்க்கட்சிக்காரனோட வக்கீல் இல்ல, உங்க வக்கீலும் இல்ல. வேற ஒருத்தரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வருவாரா என்று எனக்கே நிச்சயமில்லை.

வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பழைய நோயாளிப் பதிவேடு. முதல் விசாரணையில் என்ன பார்த்தார், என்ன மருந்து கொடுத்தார் என்பதை நிதானமாகச் சொன்னார். காரணம் என்ன என்று கேட்டேன். "குரோமியம்" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே மாட்டார். பால் காய்ச்சுவது போல மெல்லக் கேட்பார். தொழிற்சாலைகள் சட்டம் 89 தெரியுமா என்று ஆரம்பித்தார். தெரியும் என்றார் டாக்டர். குரோம் புண்ணைக் கண்டால் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் அல்லவா? ஆமாம். இந்த மனுதாரரைப் பற்றி எழுதினீர்களா?

டாக்டர் ஆணையர் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பதில் சொன்னா என்மேல குற்றம் வரும். சொல்ல விருப்பமில்லைங்க."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆணையர் பிரிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்லி, அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

"எழுதலைங்க" என்றார் டாக்டர்.

அந்த இடத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்திருந்தால் எனக்குத் திண்டாட்டம்தான். குரோம் புண்ணாக இருந்தால் சட்டப்படி தெரிவித்திருப்பார், தெரிவிக்கவில்லை, ஆகவே அது குரோம் புண் இல்லை என்று வாதத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டரின் மௌனத்தையே சாட்சியாக்கும் அருமையான வாதம். ஆனால் அதையும் சாட்சி வாயாலேயே வாங்கிவிடலாம் என்ற ஆசை அவருக்கு.

"எழுதலைன்னா, அது குரோம் புண் இல்லைன்னுதானே டாக்டர் அர்த்தம்?"

"இல்லைங்க. குரோம் புண்தான். மொத நாளே தெரியும். ஷாப்லருந்து மாசக் கணக்கு வருது. பகைச்சுக்க வேணாம்னு எழுதல."

அதற்குப் பிறகு அந்த அறையில் தொழுநோயைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மூக்கில் ஓட்டை விழுவது சட்டத்தின் முதல் அட்டவணையில் இல்லாத காயம். விரல் போனால் இத்தனை சதவீதம், கண் போனால் இத்தனை சதவீதம் என்று அதற்கு விலைப்பட்டியல் கிடையாது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட வேண்டும். டாக்டர் இருபது சதவீதம் என்றார். மூக்கில் ஓட்டை இருந்தால் கூலி குறையுமா என்று கேட்டார்கள். "ஓட்டைக்கு இல்லைங்க. இனிமே இவர் குரோம் பக்கமே போகக் கூடாது. இவருக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்" என்றார்.

ஆணையர் அதை ஏற்றார். கணக்கு எளிது. மாதக் கூலி 1,500-இல் 60 சதவீதம் 900. நாற்பது வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் காரணி 184.17. பெருக்கினால் 1,65,753 ரூபாய். அதில் இருபது சதவீதம் 33,150 ரூபாய் சொச்சம், அதன்மேல் வட்டி. மேல்முறையீடு போக வேண்டுமென்றால் முதலாளி தொகையை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டினார்கள், மேலே போகவில்லை. டாக்டர்மேல் ஆய்வாளர் வழக்கு எதுவும் போடவில்லை. மாதக் கணக்கு நின்றது. கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னதாகவும் பிறகு சமாதானமானதாகவும் கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாளில் டாக்டர் ஆள் அனுப்பி, பிரிவு 89 அறிக்கைக்கு ஒரு மாதிரி எழுதித் தரச் சொன்னார். அரைப் பக்கம். தட்டச்சு செய்து கொடுத்தேன். கட்டாக நகலெடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்.

அந்த அரைப் பக்கம்தான் இந்த வழக்கிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம். டாக்டர்களுக்குத் தகவல் தரும் கடமை புதிதல்ல. அடிதடி, விபத்து என்று வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதிப் போலீஸுக்குத் தகவல் போகிறது. காசநோயைத் தனியார் டாக்டர்களும் தெரிவிக்க வேண்டும் என்று 2012-இல் வந்தது, 2018-இல் அதைத் தண்டனையோடு சேர்த்தார்கள். குழந்தைமேல் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்ஸோ சட்டப்படி சொல்லியாக வேண்டும். இவற்றைப் பெரும்பாலான டாக்டர்கள் செய்கிறார்கள். படிவம் இருக்கிறது, எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரியும், எல்லோரும் செய்வதால் தனியாக யாரும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொழில்நோய்க்கு மட்டும் இது எதுவுமே இல்லை. கல் குவாரியில் சிலிக்கா தூளைச் சுவாசித்தவரின் நுரையீரல் நோயைக் காசநோய் என்று எழுதி அனுப்புவது நாடு முழுக்க நடக்கிறது. எல்லா டாக்டரிடமும் தைரியத்தை எதிர்பார்த்துச் சட்டம் எழுத முடியாது. மேசையில் ஒரு படிவத்தை எதிர்பார்க்கலாம்.

ஆவணம் எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்பதிலும் இதே ஓட்டைதான். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் உள்நோயாளியின் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. மாடி ஏறி வந்து மருந்து வாங்கிப் போகிறவர் உள்நோயாளி இல்லை. தொழில்நோயோ இருபது வருஷம் கழித்தும் தலைகாட்டும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் வேலையில் சேர்ந்ததிலிருந்து நாற்பது வருஷம் உடல்நலப் பதிவை வைத்திருக்கச் சொன்னது இதை உணர்ந்துதான். என் கட்சிக்காரரிடம் இருந்தது அவர் மஞ்சள் பையில் பத்திரப்படுத்திய ஐந்து சீட்டுகள் மட்டுமே. அவை தொலைந்திருந்தால் அவர் தொழுநோயாளியாகவே வழக்கை முடித்திருப்பார்.

இப்போது மருத்துவர் கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் எப்போதும் ஒரே திசையில் இருக்கும். ஒப்புதல் படிவத்தில் என்ன எழுத வேண்டும், காப்பீடு எவ்வளவு எடுக்க வேண்டும், போலீஸ் கைது செய்யுமா. பதில்கள் இருக்கின்றன. 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் குற்றவழக்கு, அதற்கும் முன்னால் சுதந்திரமான ஒரு மருத்துவரின் கருத்தை வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அரண் கட்டிக் கொடுத்திருக்கிறது. டாக்டர்மேல் கை ஓங்கினால் தமிழ்நாட்டின் 2008 சட்டப்படி குறைந்தது மூன்று வருஷம் சிறை. டாக்டர்கள் தங்களைக் காத்துக்கொள்ள நிறையச் சட்டம் படித்துவிட்டார்கள். நோயாளிக்காக அவர்கள் எழுத வேண்டிய அரைப் பக்கத்தைப் பற்றி ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை 12-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அபராதம் பத்தாயிரம் வரை ஏறியிருக்கிறது.

அவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். குரோமியம்தான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை வேண்டாம், முதலாளியைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டாம், கோர்ட்டுக்கு வர வேண்டாம். அந்த நோய் இருப்பதாக டாக்டர் கருதினாலே எழுதலாம், எழுத வேண்டும். சரியா தவறா என்று பார்ப்பது ஆய்வாளரின் வேலை. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.